‘அய்யம்பேட்டை வீடு’ குழு: எனோடென் எந்தப் பக்கம் ஏறுறது?

நித்யா: நாளைக்குப் பாட்டி, சித்தப்பா, சித்தி, நான், குட்டி அஞ்சு பேரும் காமகுரா பெரிய புத்தர் பார்க்கப் போறோம். கடலோரமா போற எனோடென்ங்கிற அந்தக் குட்டி ரயில்லதான் போகணும்னு பாட்டி சொல்லிட்டாங்க. ஃபுஜிசாவா முனையிலேர்ந்து ஏறுறதா, காமகுரா முனையிலேர்ந்தா? ராத்திரிக்குள்ள சொல்லுங்க

ரமேஷ் சித்தப்பா: காமகுரா

ரமேஷ் சித்தப்பா: நேரா போய் இறங்கி மாறிக்கலாம்

கார்த்தி: வேணாம் சித்தப்பா. கோல்டன் வீக், ஜப்பான் முழுக்க லீவு. காமகுராவுல எனோடென் வரிசை ஸ்டேஷனைத் தாண்டி வெளியே நிக்கும். சில வருஷமா இந்த லீவுல உள்ளூர்க்காரங்களுக்குச் சான்று குடுத்து, வரிசையில நிக்காம உள்ள விடுறாங்கன்னா பாத்துக்கோங்க

வசந்தி அத்தை: அம்மாவை வெயில்ல நிக்க வைக்காதீங்கடா

கார்த்தி: உங்க நிஷிகசாய் ஸ்டேஷன்லேர்ந்து தோசாய் லைன்ல ஓதேமாச்சி, நடந்து டோக்கியோ ஸ்டேஷன், அங்கேர்ந்து தோகாய்தோ லைன்ல ஃபுஜிசாவா. டோக்கியோலேர்ந்து 50 நிமிஷம் பக்கம். ஃபுஜிசாவால தெற்குப் பக்கம் வந்து மேல்தள நடைபாதையில நேரா போனா, ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் கட்டடத்துல 2F-ல (நம்ம கணக்குல முதல் மாடி) எனோடென் ஸ்டேஷன். அங்கதான் ரயில் கிளம்புது, உக்கார இடம் கிடைக்கும்

நித்யா: மாடியிலயா ரயில்?

மணி பெரியப்பா: 1974-லேர்ந்து மாடியில. அதுக்கு முன்னாடி தரையிலதான். வரலாறு தெரியாம ஏறினா பாதிதான் புரியும், அதனால சுருக்கமா சொல்றேன்.

சுமதி பெரியம்மா: சுருக்கமாவாம்

மணி பெரியப்பா: மொத்தம் 10 கி.மீ., 15 ஸ்டேஷன். முதல் துண்டு 1902 செப்டம்பர் 1, ஃபுஜிசாவாலேர்ந்து கதாசே வரைக்கும். இப்போ எனோஷிமான்னு சொல்றாங்களே, அதேதான். காமகுரா போய்ச் சேர 1910 ஆயிடுச்சு. 10 கி.மீ.க்கு 8 வருஷம்! கோகுராகுஜிக்கும், புத்தருக்கு இறங்குற ஹாசேக்கும் நடுவுல மலை. 1907-ல செங்கல்ல சுரங்கம் கட்டினாங்க, லைன் முழுக்க அது ஒண்ணுதான் சுரங்கம். ஆரம்பத்துல சட்டப்படி இது டிராம். ரயில்னு மாத்தினதெல்லாம் பிற்பாடு, யுத்த காலத்துல. அந்த டிராம் புத்தி இன்னும் போகலை. கோஷிகோயே–எனோஷிமா நடுவுல ரோட்டுல ஓடும், கார் எல்லாம் ஒதுங்கி வழிவிடணும்.

ரமேஷ் சித்தப்பா: சரிண்ணா

ரமேஷ் சித்தப்பா: அப்போ காமகுராவுல ஏறி ரோட்டுல ஓடுறதையும் பாத்துக்கலாம்

கார்த்தி: ஐயோ

நித்யா: பாட்டி வாய்ஸ் அனுப்பச் சொன்னாங்க, கேக்காதவங்களுக்காக டைப் பண்றேன்: “மெட்ராஸ்ல ஓடுச்சே டிராம், அந்த மாதிரியா?”

மணி பெரியப்பா: ஆமாம்மா. மெட்ராஸ்ல 1953-லயே நிறுத்திட்டோம். எனோடெனை இவங்க நிறுத்தலை. அறுபதுகள்ல கார் பெருகி இதையும் மூடிடலாம்னு பேச்சு வந்தது, அப்புறம் அதே கார் நெரிசல்தான் இதைக் காப்பாத்துச்சு. இப்போ ஒடாக்யூ குழுமத்துல இருக்கு.

வசந்தி அத்தை: நித்யா, அம்மா மாத்திரை மறக்காதே. காலை நேரத்து நீலம்

மணி பெரியப்பா: முக்கியமானது இனிமேதான். எனோஷிமாவைத் தாண்டினதும் ரயில் ரோட்டுக்குள்ள திரும்புற வளைவு இருக்கு, ரியூகோஜி கோயில் வாசல்ல. ஆரம் 28 மீட்டர். நம்ம வீட்டுக் கொல்லை நீளம்கூட வராது. சாதாரணப் பெட்டி அங்க திரும்பாது. அதனால ரெண்டு பெட்டிக்கு மூணே போகி. போகின்னா நீங்க பெட்டியைச் சொல்றீங்களே, அது இல்ல. அடியில இருக்கிற சக்கரச் சட்டம். நடுவுல இருக்கிற ஒரு போகி மேலேயே ரெண்டு பெட்டியோட முனையும் உக்காந்திருக்கும். இந்த ரெட்டைப் பெட்டி ரெண்டைக் கோத்தா நாலு பெட்டி ரயில்.

ரமேஷ் சித்தப்பா: கொல்லையை அளந்ததே இன்னும் முடியலையே அண்ணா, அதுக்குள்ள நீளம் எப்படித் தெரிஞ்சுது?

வசந்தி அத்தை: ரமேஷ்

சுமதி பெரியம்மா: இங்க வேணாம்

கார்த்தி: எந்தப் பக்கம் உக்காரணும்னு சொல்றேன். ஃபுஜிசாவாலேர்ந்து வந்தா கடல் வலது பக்கம். காமகுராலேர்ந்து வந்தா இடது. கோஷிகோயே தாண்டினப்புறம்தான் கடல், இனாமுராகாசாகி வரைக்கும். அப்புறம் கிடையாது. பெஞ்சு நீட்டுவாக்குல இருக்கிற ரயில் வந்தா இடது பக்க சீட்ல உக்காருங்க, எதிர் ஜன்னல் வழியா கடல் நேரா தெரியும். வலது பக்கம் உக்காந்தா பாட்டி கழுத்தைத் திருப்பிக்கிட்டே வரணும்

நித்யா: இது யாருமே சொல்லலை, தாங்க்ஸ்டா

கார்த்தி: கோஷிகோயேல பிளாட்ஃபாரம் சின்னது. நாலு பெட்டியும் அதுல அடங்காது, ஒரு பெட்டியோட கதவு திறக்கவே திறக்காது. அங்க இறங்கணும்னா முன்கூட்டியே நடுப் பெட்டிக்கு வந்துடணும். இறங்கலைன்னா கவலை இல்ல

ரமேஷ் சித்தப்பா: மாயவரம் ஸ்டேஷன் ஞாபகம் வருது

சுமதி பெரியம்மா: யாரு குடைக்காகத் திரும்பிப் போனாங்கன்னும் ஞாபகம் வருது

மணி பெரியப்பா: ஒத்தைத் தடம்ங்கிறதை யாரும் கவனிக்கலை. ரெண்டு ரயில் கடந்து போகணும்னா குகேனுமா, எனோஷிமா, மினேகாஹாரா, இனாமுராகாசாகி, ஹாசே இந்த அஞ்சு இடத்துலதான் முடியும். ஒரு ரயில்ல கூட்டம் ஏறி 2 நிமிஷம் தாமதமானா, எதிர்ல வர்ற ரயிலும் 2 நிமிஷம் காத்துக் கிடக்கும். அது அடுத்த ரயிலைக் கெடுக்கும். 12 நிமிஷத்துக்கு ஒரு ரயில் விட்டு சமாளிக்க முடியாமத்தான் 2023 மார்ச்ல 14 நிமிஷமாக்கினாங்க. இன்னும் நிறைய ரயில் விட வேண்டியதுதானேன்னு கேப்பாங்க. தடத்துல இடம் இல்ல, பெட்டி சேர்க்கப் பிளாட்ஃபாரம் இல்ல.

கார்த்தி: பெரியப்பா சொன்னதுல மினேகாஹாரா ஸ்டேஷன் இல்ல. ரயில் கடக்கிறதுக்கு மட்டும். ரயில் நின்னாலும் கதவு திறக்காது. வந்துடுச்சுன்னு சித்தப்பா பையைத் தூக்கிட்டு எழுந்திருக்க வேணாம்

வசந்தி அத்தை: சிரிச்சுட்டேன்

தீபன் அத்தான்: புத்தர் இருக்கிற இடத்தில இலங்கை ஜனாதிபதியா இருந்த ஜே.ஆர். ஜெயவர்தனாவுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கெண்டு சொல்லுறாங்கள், உண்மையோ?

மணி பெரியப்பா: உண்மை மாப்ளே. 1951 சான்ஃபிரான்சிஸ்கோ மாநாட்டுல, பகையால பகை தணியாதுன்னு புத்தர் வாக்கைச் சொல்லி ஜப்பானுக்காகப் பேசினார். அதுக்காக 1991-ல வெச்சாங்க.

தீபன் அத்தான்: 83 கலவரத்தில தமிழரைக் கொல்லேக்க ஆர் ஜனாதிபதி எண்டும் அந்தக் கல்லில எழுதியிருக்கோ?

வசந்தி அத்தை: தீபன் தம்பி, புரியுது

நித்யா: அந்தப் பக்கம் போக மாட்டோம் அத்தான். ரயிலுக்கு வருவோம். டிக்கெட்?

கார்த்தி: நோரிஓரிகுன்னு ஒரு நாள் பாஸ், 800 யென். குறைஞ்ச டிக்கெட்டே 200. ஃபுஜிசாவால ஏறி, எனோஷிமால இறங்கி, ஹாசேல இறங்கி, காமகுரா போய் அப்படியே ஜேஆர் ரயில்ல திரும்பிட்டா தனித்தனி டிக்கெட்டே பாஸை விடக் குறைவு, மிச்சம் ஆகாது. ஒரே இடத்துல இறங்கினா பணம் போட்டு வெச்சுத் தட்டுற சுய்கா கார்டே போதும். சில சின்ன ஸ்டேஷன்ல கேட் கிடையாது, கம்பத்துல கார்டு வைக்கிற பெட்டி மட்டும்தான். உள்ள போறப்போ ஒண்ணு, வெளிய வர்றப்போ வேற ஒண்ணு. வெளிய வர்றப்போ வைக்க மறந்தா அடுத்த ஸ்டேஷன்ல கார்டு வேலை செய்யாது, ஆள் இருக்கிற கவுன்டர்ல போய் கெஞ்சணும்

ரமேஷ் சித்தப்பா: எல்லார் கார்டையும் நானே வெச்சுக்கறேன்

நித்யா: முடியாது சித்தப்பா, ஆளுக்கு ஒண்ணு கையில இருக்கணும்

கார்த்தி: புத்தர் மட்டும் போதும்னா ஹாசேக்குக் காமகுராலேர்ந்து மூணே ஸ்டேஷன், ரெண்டு கி.மீ.கூட இல்ல. நாளைக்கு வரிசையில நிக்கிற நேரத்துல நடந்தே போயிடலாம். பாட்டி நடப்பாங்களா?

வசந்தி அத்தை: முட்டி

மணி பெரியப்பா: ஹாசேக்கு முந்தின ஸ்டேஷன் கோகுராகுஜி. பேருக்கு அர்த்தம் சொர்க்கக் கோயில். அதைத் தாண்டித்தான் அந்தச் செங்கல் சுரங்கம்.

சுமதி பெரியம்மா: அம்மாவை எங்க அனுப்பப் பார்க்கறீங்க?

நித்யா: பாட்டி கேட்டுட்டு சிரிக்கிறாங்க. “நான் அங்க இறங்கலை, தாண்டியே போறேன்”னு சொல்றாங்க

மணி பெரியப்பா: 305-னு ஒரு பழைய வண்டி இருக்கு. 1960. பச்சையும் க்ரீமும், தரை பலகை. அது வந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க, சக்கரம் தெரியுற மாதிரி. ஆள் வேணாம்.

ரமேஷ் சித்தப்பா: அண்ணனுக்குச் சக்கரம் போதும்

கார்த்தி: காமகுராகோகோமாயே ஸ்டேஷன் பக்கத்து ரயில்வே கிராஸிங்ல, கூடைப்பந்து அனிமேக்காக வந்து நிக்கிற கூட்டம் இருக்கும். ரோட்டுல இறங்கி நின்னு எடுக்காதீங்க, அங்க காவலுக்கு நிக்கிறவங்க விசில் அடிப்பாங்க

வசந்தி அத்தை: சாப்பாடு?

நித்யா: தயிர்சாதம் கட்டிக்கறேன், பீச்ல சாப்பிடலாம்

கார்த்தி: பீச்ல வேணாம்! ஷிச்சிரிகாஹாமா, எனோஷிமா ரெண்டு இடத்துலயும் பருந்து. பின்பக்கமா சத்தமே இல்லாம வந்து கையில இருக்கிறதைப் பிடுங்கிட்டுப் போயிடும், நகம் கீறிடும். கூரைக்குக் கீழ உக்காந்து சாப்பிடுங்க. குட்டி கையில எதுவும் குடுக்காதீங்க. ரயில்லயும் டப்பாவைத் திறக்காதீங்க, இது ஊர்க்காரங்க வேலைக்குப் போற வண்டி

ரமேஷ் சித்தப்பா: பருந்துக்கு ஊறுகாய் பிடிக்குமா

நித்யா: சரி முடிவு சொல்லுங்க. 6:30 கிளம்பி ஃபுஜிசாவா. ஓகேவா?

கார்த்தி: ஓகே. 9 மணிக்கு முன்னாடி ஃபுஜிசாவால இருந்தா நல்லது

வசந்தி அத்தை: 6:30 அம்மாவுக்குக் கஷ்டம். 7

மணி பெரியப்பா: எனோஷிமால எதிர் ரயில் எத்தனை நிமிஷம் காத்திருக்குன்னு யாராவது குறிச்சு அனுப்புங்க.

சுமதி பெரியம்மா: அங்க மணி பத்து தாண்டிடுச்சு. அவங்க தூங்கட்டும்

நித்யா: 7 மணி. இடது பக்க சீட். பாட்டி செருப்பை இப்பவே வாசல்ல எடுத்து வெச்சுட்டாங்க

ரமேஷ் சித்தப்பா: ஆனா காமகுரால ஏறினாலும் ஒண்ணும் ஆகாது