"கரையைத் தொட்டாயா, தம்பி?"

சிப்புட்காரன்:
டயாலிசிஸ் நிதிக்காக மலேசியாவில் லூமுட் பக்கம், தெலுக் பாத்திக் கடற்கரையில் ஐந்து கிலோமீட்டர் நீந்தப் போனேன். நன்கொடை அட்டை எல்லோருக்கும் தெரிந்ததுதான், கிலோமீட்டருக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று கையெழுத்து வாங்குவது. சுங்கை சிப்புட்டில் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் பாதிப்பேர் எழுதிக் கொடுத்தார்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் அந்த இயந்திரத்தோடு படுத்துக் கிடப்பவர் எந்தக் குடும்பத்தில்தான் இல்லை?

நான் ஈயக்குட்டையில், அதாவது ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளத்துத் தண்ணீரில், நீச்சல் பழகியவன். குட்டைத் தண்ணீர் ஆளை எங்கும் கொண்டுபோகாது. மூன்று கிலோமீட்டர் முடிந்ததும் கடலோட்டம் திரும்பிவிட்டது. பத்துத் தடவை கை வீசித் தலையைத் தூக்கினால் கரையில் ஒரு சிவப்புக் கூரை. மறுபடி பத்து. அதே கூரை, அதே இடம். இருபது நிமிடம் அந்தக் கூரையோடு மல்லுக்கட்டிவிட்டு, கூடவே வந்த கயாக்கின் விளிம்பைப் பிடித்தேன். வெயிலில் பிளாஸ்டிக் சுட்டது. "போதும் அண்ணே" என்றான் துடுப்புப் போட்ட பையன்.

ஞாயிறு மாலை வசூலுக்குப் போனேன். முப்பது வருடம் பால்மரம் சீவிய பாட்டி ஒருவர் சுருக்குப்பையை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: "கரையைத் தொட்டாயா, தம்பி?" தலையாட்டிவிட்டேன். கிலோமீட்டருக்குப் பத்து வெள்ளி, ஐம்பதாக எண்ணிக் கையில் வைத்தார். பணம் மொத்தமும் நிதிக்குப் போய்விட்டது. நீந்தாத இரண்டு கிலோமீட்டருக்கான அந்த இருபது வெள்ளிதான் தூங்கவிடாமல் செய்கிறது.

கிராணி மகன்:
இருபது வெள்ளி போகட்டும், தலையாட்டியதற்கு என்ன சொல்கிறீர்கள்? 2003இல் நம் மலேசிய நீச்சல் வீரர் அப்துல் மாலிக் மைடின் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தாரே, அங்கே படகில் கை பட்டால் அத்தோடு முயற்சி முடிந்தது. சாப்பாட்டைக்கூடக் கயிற்றில் கட்டித்தான் நீட்டுவார்கள். நீங்கள் விளிம்பைப் பிடித்த நொடியே உங்கள் கணக்கு மூன்று. நான் தமிழ்ப்பள்ளிக் கூரைக்காகப் பத்துக் கிலோமீட்டர் நடந்தேன், பத்தையும் நடந்தேன். எழுதிக் கொடுத்த பெரிய மனிதர் ஒருவர் இன்றுவரை தொலைபேசியை எடுக்கவில்லை. அது வேறு கதை.

லூமுட் மருமகள்:
கிராணி மகன் அவர்களே, அந்தப் பாட்டிக்குக் கணக்குத் தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? 1960இல் நம் தலைவர் துன் சம்பந்தன், தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்க நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கியவர்களின் வீட்டுப் பிள்ளை அவர். கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, கொடுத்தார். கரையைக் கேட்டது வெறும் பேச்சுக்கு. என்னையும் ஒருமுறை பாதியில் படகில் ஏற்றினார்கள், கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "இந்த உடையிலா எல்லோர் முன்னாலும் நீந்தினாய்?" எனக்கு உறுத்துவது அதுதான்.

பழைய பயிற்சியாளர்:
எனக்கு ஒருமுறை சொறிமீன் கழுத்தில் சுற்றியது, கத்தினேன், அவ்வளவுதான். ஆனால் சிப்புட்காரர் செய்த தவறுகளைச் சொல்லியாக வேண்டும். கடல் ஏறும் நேரம், வற்றும் நேரம் அட்டவணையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நீர் சற்று ஓய்ந்து நிற்கும். நீச்சலின் கடினமான பகுதி அந்த நேரத்தில் வரும்படி புறப்பட வேண்டும். ஒரே கூரையைப் பார்த்தால் இடம் நகர்கிறதா என்று தெரியாது. முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளம் வேண்டும். அக்குளிலும் கழுத்திலும் வாசலின் தடவாவிட்டால் உப்பு தோலை அறுத்துவிடும். இடுப்பில் பளிச்சென்ற மிதவை கட்டாயம். பெட்டிச் சொறிமீன் கொட்டினால் வினிகர் ஊற்றுங்கள்; தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனை. இன்னொன்று, ஈயக்குட்டையில் பழகியதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். கரையிலிருந்து இரண்டு அடி வைத்தால் ஆழம், ஏறப் பிடிமானம் இருக்காது. காலில் புண்ணோடு இறங்கினால் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் வேறு. பிள்ளைகள் படிப்பார்கள்.

சிப்புட்காரன்:
ஐயா, வினிகரைப் பற்றி நான் கேட்கவே இல்லை. குட்டையைப் பற்றிச் சொன்னது சரி, என்னோடு படித்தவன் ஒருவன் அதில்தான் போனான்.

நேற்று இருபது வெள்ளியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனேன். வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் முந்திக்கொண்டார்: "அடுத்த வருடமும் நீந்துவாயா? அப்போது ஆறாக எழுதிக்கொள்." உறை இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.