கலைச்சொல்: மின்னேற்ற வலையமைப்புகளுக்கு ‘ஒருங்கிணைப்பு’ போதுமா?

> பெரிய நிறுவனங்கள் சின்ன சார்ஜிங் நிறுவனங்களை வாங்கிச் சேர்ப்பதை ‘ஒருங்கிணைப்பு’ என்றே எழுதலாமே. புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா,

எழுதலாம்தான். ஆனால் உங்கள் கட்டுரையில் இரண்டு பத்தி தள்ளி, ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொன்றின் நிலையத்தில் சார்ஜ் போடும் வசதிக்கும் ‘ஒருங்கிணைப்பு’ என்றே வருகிறது. இரண்டும் ஒன்றல்லவே.

கடலூரிலிருந்து வாரம் இரண்டு தடவை பாண்டிக்குக் கார் ஓட்டுகிறேன். (எங்கள் ஊர்க்காரர்கள் அங்கே பெட்ரோல் விலை குறைவென்று எல்லை தாண்டிப் போய் டேங்க் நிரப்புவார்கள். மின்வண்டி வாங்கியதும் எனக்கு அந்தச் சாக்கு போய்விட்டது.) போனில் நான்கு செயலிகள், ஒவ்வொன்றின் வாலட்டிலும் முந்நூறு நானூறு ரூபாய். போன வருடம் அதில் ஒரு நிறுவனத்தை வேறொருவர் வாங்கினார். பலகை மாறியது, செயலி மாறியது, பழைய வாலட்டில் கிடந்த பணத்துக்காக இரண்டு மாதம் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தேன். மற்ற மூன்று செயலிகளும் இன்னும் போனில்தான் இருக்கின்றன. உடைமை கைமாறியது, என் தொல்லை குறையவில்லை.

ஒருவரின் வாடிக்கையாளர் இன்னொருவரின் நிலையத்தில் சார்ஜ் போடுவது வேறு கதை. ஓசிபிஐ (OCPI) என்று கணினிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறை ஒன்று இருக்கிறது. நிலையம் எங்கே, யூனிட் என்ன விலை, எவ்வளவு ஏறியது என்ற கணக்கை இரண்டு நிறுவனங்கள் அதன் வழியே பரிமாறிக்கொள்ளும். உடைமை தனித்தனி, நமக்குச் செயலி ஒன்று. (நிலையத்துக்கும் அதன் சர்வருக்கும் இடையே பேசும் ஓசிபிபி (OCPP) வேறு, இரண்டையும் குழப்ப வேண்டாம்.) இதற்கு ‘அயல்வலை மின்னேற்றம்’ என்று வைக்கலாம்.

வாங்கிச் சேர்ப்பதற்கு நான் சொல்வது: ‘வரப்பழிப்பு’, அதாவது வரப்பை அழிப்பது. பக்கத்து வயலை வாங்கியவர் நடுவரப்பை வெட்டி ஒரே வயலாக்குவார். வரப்பை அப்படியே விட்டு, மடை மட்டும் திறந்து அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் விட்டால் அதுதான் அயல்வலை. எண்ணெய் நிறுவனமான ஷெல், சார்ஜிங் நிறுவனங்களில் 2017இல் நெதர்லாந்தின் நியூமோஷனையும், 2019இல் அமெரிக்காவின் கிரீன்லாட்ஸையும், 2021இல் யூபிட்ரிசிட்டியையும், 2023இல் வோல்டாவையும் வாங்கியது. இன்னொரு எண்ணெய் நிறுவனமான பிபி 2018இல் சார்ஜ்மாஸ்டரை வாங்கியது. எண்ணெய் விற்றவர்களே வயல் வயலாக வாங்குகிறார்கள் என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

கடலூரிலிருந்து

---

> வரப்பு பார்க்காத பிள்ளைகளுக்கு இது புரியுமா? ‘விழுங்கல்’ என்றால் பளிச்சென்று இருக்குமே. இல்லையென்றால் ‘கூடல்’. உங்கள் ஊர்ப் பெயரே கூடலூர் என்பதிலிருந்து வந்ததாகத்தானே சொல்வார்கள்?

அம்மா,

ஆறுகள் சேரும் இடம் என்ற பொருளில் ‘கூடல்’ என்றதும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பெண்ணையாறும் கெடிலமும் எங்கள் ஊர்ப்பக்கம் தனித்தனியாகவே கடலில் சேர்கின்றன. அப்புறம், கூடல் என்றால் நம் ஆட்களுக்கு உடனே ஊடல் நினைவுக்கு வரும். ஒப்பந்தப் பத்திரத்தில் அதைப் போட்டால் சிரிப்பார்கள்.

‘விழுங்கல்’ எனக்கும் பிடித்த சொல்தான், ஒரு சிக்கலைத் தவிர. 2013இல் ஈகோட்டாலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் திவாலானபோது அதன் பிளிங்க் என்ற சார்ஜிங் வலையமைப்பை கார் சார்ஜிங் குரூப் என்ற நிறுவனம் வாங்கியது. 2017இல் அதுவே தன் பெயரை பிளிங்க் சார்ஜிங் என்று மாற்றிக்கொண்டது. விழுங்கியவரே விழுங்கப்பட்டவரின் பெயரைச் சூடினால் அதை எப்படி விழுங்கல் என்பது? ‘வரப்பழிப்பு’ யார் பெயர் நிலைத்தது என்று பேசுவதில்லை, வரப்பு போனதை மட்டும் சொல்கிறது. அந்த பிளிங்க் 2022இல் செமாகனெக்ட் என்ற இன்னொரு சார்ஜிங் நிறுவனத்தை வாங்கியதற்கும் அதே சொல் பொருந்தும்.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். வாங்கிய பிறகும் செயலி, கட்டணம் எல்லாம் தனியாகவே ஓடினால் வரப்பு இன்னும் அழியவில்லை. அதை வெறும் ‘கைமாற்றம்’ என்று பிரித்து எழுதுகிறேன். சொற்பட்டியலில் மூன்றையும் சேர்த்துவிடட்டுமா? ‘அயல்வலை’யில் யாருக்காவது மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.