ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஸ்னோடிராப்: கையில் இருப்பது எது, எந்த வகை நிற்கும்?

மல்லிப்பந்தல் (மிட்ராண்ட்)

வணக்கம். ஸ்னோடிராப் என்று கைமாறி வந்த, வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு கிழங்குச் செடிக் கொத்து தோட்டத்தில் இருக்கிறது. ஆகஸ்டில் பூக்கிறது. இலை முழங்கால் உயரம், தண்டுக்கு நாலைந்து பூ, ஆறு இதழ் நுனியிலும் பச்சைப் பொட்டு. படங்களில் வரும் ஸ்னோடிராப்போ ஒரு சாண் உயரம்கூட இல்லை, தண்டுக்கு ஒரே பூ. இது அதிலேயே வேறு வகையா, அல்லது வேறு செடியா?

இன்னொன்று. நிவாலிஸ், எல்வெசியை என்று இரண்டு வகைக் கிழங்கு மார்ச்சில் கிடைக்குமாம், காய்ந்த கிழங்காகத்தான். நம்ம பக்கத்துக் குளிர் போதுமா? தரையிலா, தொட்டியிலா? டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் அக்காவும் கேட்கிறார்கள், அங்கே வருமா?

குமிழ்க்கிறுக்கு (ஹோவிக்)

உங்களிடம் இருப்பது ஸ்னோஃபிளேக். தாவரப் பெயர் லூகோஜம் எஸ்டிவம். நம் நாட்டில் ஸ்னோடிராப் என்ற பெயரில் தோட்டம் தோட்டமாகக் கைமாறுவது பெரும்பாலும் இதுதான். இரண்டும் ஒரே அமரில்லிஸ் குடும்பம், ஆனால் பேரினம் வேறு.

பூவை நிமிர்த்திப் பாருங்கள். ஆறு இதழும் ஒரே அளவு, ஆறிலும் பொட்டு என்றால் லூகோஜம். வெளியே மூன்று நீள இதழ், உள்ளே மூன்று குட்டை இதழ், பச்சைக் குறி உள்ளிதழில் என்றால் கலாந்தஸ், அதாவது அசல் ஸ்னோடிராப். சில அலங்கார வகைகளில் வெளியிதழ் நுனியிலும் பச்சை இருக்கும். அதனால் பொட்டை மட்டும் நம்பாமல் இதழ் அளவையும் பாருங்கள்.

லூகோஜத்திலும் தண்டுக்கு ஒரே பூ வரும் வெர்னம் என்ற குட்டை வகை உண்டு. கிழங்கை வெங்காயம் என்று சந்தேகப்பட்டால் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். வெங்காய வாசம் அடித்தால் அது ஸ்னோடிராப்பும் இல்லை, ஸ்னோஃபிளேக்கும் இல்லை.

அசல் ஸ்னோடிராப்புக்குள் வகை பிரிக்கப் பூவைவிட இலை நம்பகமானது. மண்ணிலிருந்து இலை கிளம்பும் இடத்தில் குனிந்து பாருங்கள். இரண்டு இலையும் கும்பிட்ட கை போலத் தட்டையாக ஒட்டி நின்றால் நிவாலிஸ். இலை ஒடுக்கம், சாம்பல் பூத்த பச்சை. ஓர் இலை மற்றதைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு வந்து, இலையும் அகலமாகச் சாம்பல் பச்சையாக இருந்தால் எல்வெசியை. அதே போர்த்தல், ஆனால் இலை பளபளக்கும் தெளிந்த பச்சை என்றால் வொரோனோவியை. இலை ஓரம் பின்பக்கம் மடிந்திருந்தால் பிளிகாட்டஸ்.

எல்வெசியையின் உள்ளிதழில் பெரும்பாலும் அடியில் ஒன்று, நுனியில் ஒன்று என இரண்டு பச்சைக் குறி இருக்கும். ஒற்றைக் குறி உள்ள எல்வெசியையும் உண்டு, அங்கேதான் பலர் நிவாலிஸ் என்று தடுமாறுவார்கள். இலையைப் பார்த்தால் தீர்ந்தது.

செம்மண் (பிரிட்டோரியா)

குளிர் போதுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஹைவெல்டில், அதாவது நம்ம மேட்டுநிலத்தில், ஸ்னோடிராப்பைக் கொல்வது ஜூலை இல்லை, ஜனவரி. இரவு உறைபனி நமக்குத் தாராளமாக உண்டு. ஆனால் அது பிறந்த இடத்தில் குளிர்காலம் ஈரம், கோடை ஓரளவு உலர்ந்த மரநிழல். நமக்கு நேர் எதிர். இலையும் பூவும் வரும் மே முதல் ஆகஸ்ட் வரை மழையே கிடையாது. கிழங்கு தூங்கும் மாதங்களில் சூடான மண்ணில் இடிமழை. தூங்கும் கிழங்கு அதில் அழுகும்.

அதனால் தொட்டிதான் என் கட்சி. 20 செ.மீ. ஆழமான மண்தொட்டி. தோட்டமண் இரண்டு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, பருமனான ஆற்றுமணல் ஒரு பங்கு. கிழங்கு உயரத்தின் இரண்டு மூன்று மடங்கு ஆழம், அதாவது கிழங்கின் தலைக்கு மேலே 5 முதல் 7 செ.மீ. மண். இடைவெளி 5 செ.மீ. பிப்ரவரிக் கடைசி முதல் ஏப்ரலுக்குள் நட்டுவிட வேண்டும். மண் புளிப்பாக இருந்தால் டோலமைட் சுண்ணாம்பு ஒரு கைப்பிடி. எல்வெசியை துருக்கி, கிரீஸ், பல்கேரியா மலைப்பக்கத்துச் செடி, சுண்ணாம்பு மண்ணை வெறுக்காது.

நட்டதிலிருந்து இலை மஞ்சளாகும் வரை மண் காயவே கூடாது. குளிர்காலக் காற்று மேல்மண்ணை இரண்டே நாளில் உலர்த்திவிடும், விரல் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். பூ முடிந்ததும் 3:1:5 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து விகிதம்), பொட்டலத்தில் போட்டதில் பாதி அளவு, மாதம் ஒருமுறை இரண்டு தடவை போதும். எல்ஏஎன் என்ற தழைச்சத்து உரம் போடவே வேண்டாம். தழைச்சத்து ஏறினால் இலை தளதளவென்று வந்து பூஞ்சைக்கு விருந்தாகும். இலை காய்ந்தபின் தொட்டியை மழை படாத தெற்குச் சுவர் ஓரம், தாழ்வாரத்தின் கீழ் நகர்த்துங்கள். அங்கே எலும்பாகக் காயவும் விடக்கூடாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை லேசாக ஈரம் காட்டுங்கள். இந்தத் தொட்டியை இன்னொரு பெரிய தொட்டிக்குள் வைத்து நடுவில் மணல் கொட்டினால் வெயில் பக்கவாட்டில் சுடாது.

எது வாங்குவது என்றால், எல்வெசியை. கிழங்கு பெரியது, வறட்சியையும் வெப்பத்தையும் நிவாலிஸைவிடத் தாங்கும்.

குமிழ்க்கிறுக்கு (ஹோவிக்)

காய்ந்த கிழங்கு பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்னோடிராப் கிழங்கின் தோல் மெல்லியது, டூலிப் மாதிரி மாதக்கணக்கில் பையில் கிடக்காது. அழுத்தினால் கெட்டியாக, அளவுக்கு ஏற்ற கனத்தோடு இருப்பதை மட்டும் எடுங்கள். காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கும் வித்தையும் இதற்கு ஆகாது, இன்னும் காய்ந்துதான் போகும். முடிந்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் இலையோடு பிடுங்கிய கொத்து தருபவரைத் தேடுங்கள். வந்த அன்றே, முன்பு இருந்த அதே ஆழத்தில், இலை அடியின் வெளுத்த பகுதி மண்ணுக்குள் போகும்படி நட வேண்டும். கொத்துப் பிரிப்பதும் இதே பருவத்தில்தான்.

வெளிநாடு போய் வருபவர் பெட்டியில் கொண்டுவரச் சொல்லாதீர்கள். கலாந்தஸ் முழுவதும் சைட்டீஸ் (அருகிவரும் உயிரின வணிகத்துக்கான உலக ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது, இங்கே வேளாண் துறையின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். அது ஒருபுறம் இருக்க, வடக்கே செப்டம்பரில் விற்கும் கிழங்கு வேர்விடத் தயாராக இருக்கும், நமக்கு அப்போது வெயில் ஏறும் காலம். பருவம் ஆறு மாதம் தள்ளிப்போய்ப் பாதி செத்துவிடும்.

மல்லிப்பந்தல் (மிட்ராண்ட்)

நன்றி ஐயா, இருவருக்கும். அப்படியானால் இந்த ஸ்னோஃபிளேக் கொத்தை என்ன செய்வது? இந்த வருடம் இலை மட்டும் நிறைய, பூ குறைவு.

ஓடைக்கரை (டல்ஸ்ட்ரூம்)

நெரிசல். நாலைந்து வருடம் கலைக்காமல் விட்ட கொத்தில் அது வழக்கம். இலை மஞ்சளாகும்போது தோண்டி, இரண்டு மூன்று கிழங்காகப் பிரித்து, 10 செ.மீ. ஆழம், 15 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். லூகோஜம் எஸ்டிவம் ஓடைக்கரைச் செடி. களிமண், கோடை ஈரம் எல்லாம் அதற்குப் பிரச்சினை இல்லை. சரியாகச் சொன்னால் உங்கள் கௌடெங் மாகாணத் தோட்டத்துக்கு அசலைவிட இதுதான் பொருத்தம். பூ முடிந்ததும் இலையை வெட்டுவது, முடிச்சுப் போடுவது இரண்டும் அடுத்த வருடப் பூவைக் குறைக்கும்.

கிளைவியா, கிரைனம் செடிகள் பக்கத்தில் இருந்தால் லில்லி போரர் புழுவைக் கவனியுங்கள். கருப்பு உடம்பில் வெளிர்மஞ்சள் பட்டை, இலைக்குள் துளைத்துக் கிழங்கு வரை இறங்கும். இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதே சுலபம். ஸ்னோடிராப்பில் இலை கிளம்பும்போதே சாம்பல் பூஞ்சை படர்ந்தால் அந்தக் கிழங்கைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துக் குப்பையில் போடுங்கள், கம்போஸ்டில் வேண்டாம்.

செம்மண் சொன்ன தொட்டிக் கட்சி பிரிட்டோரியாவுக்குச் சரி. 2,000 மீட்டருக்கு மேலுள்ள எங்கள் பக்கம், அண்டர்பெர்க், ஹாக்ஸ்பேக் மாதிரிக் குளிர்ந்த ஊர்களில் ஓக் மரத்தடியில் தரையிலேயே முயலலாம். இலையுதிர் மரமாக இருக்க வேண்டும், அப்போதுதான் குளிரில் வெயிலும் கோடையில் நிழலும் கிடைக்கும்.

சாட்ஸ்வொர்த்துக்கு ஸ்னோடிராப் அனுப்ப வேண்டாம். அங்கே குளிரே கிடையாது, கோடை ஈரம் வேறு. அக்காவுக்கு ஹீமாந்தஸ் அல்பிஃப்ளோஸ் வாங்கிக் கொடுங்கள். இந்த மண்ணின் செடி, நிழல் தாங்கும், குளிர்மாதங்களில் வெள்ளையாகப் பூக்கும். கிழங்கின் கழுத்து மண்ணுக்கு வெளியே தெரியும்படி சின்னத் தொட்டியில் நடச் சொல்லுங்கள், இடம் நெருக்கமாக இருந்தால்தான் நன்றாகப் பூக்கும். எந்தக் கிழங்கானாலும் சமையலறை வெங்காயக் கூடை பக்கம் வைக்கக் கூடாது. இந்தச் செடிகளின் கிழங்குகளில் லைகோரின் என்ற நச்சு இருக்கிறது, தின்றால் வாந்திதான், வீட்டு நாய்க்கும் அதே கதி.