ஸ்கோப் 3: 'வரம்பு' வேண்டாம், 'வளையம்' என்போமா?

> ஸ்கோப் 1, 2, 3 மூன்றையும் வரம்பு 1, வரம்பு 2, வரம்பு 3 என்றே எழுதிவிடலாம். அகராதியும் அதைத்தான் சொல்கிறது.

ஐயா, வணக்கம். ஒரு நிறுவனத்தின் பசுங்குடில் வாயு உமிழ்வைக் கணக்கிடும்போது, அது நேரடியாக விடுவது, வாங்கும் மின்சாரத்தால் வருவது, பொருள் தருபவர், வாங்குபவர் போன்ற பிறரிடம் நடப்பது என்று மூன்றாகப் பிரிப்பதைத்தான் ஆங்கிலத்தில் ஸ்கோப் 1, 2, 3 என்கிறார்கள். அகராதி சொல்கிறது, வாசிப்பவர்தான் வேறு மாதிரிப் புரிந்துகொள்கிறார். அமெரிக்கச் சங்கிலிக் கடையான வால்மார்ட் பற்றிய கட்டுரையில் முதலில் நானும் 'வரம்பு' என்றுதான் போட்டேன். ஒரு பக்கத்தை வீட்டில் வாசிக்கக் கொடுத்தேன். "வரம்பு 1 உமிழ்வு என்றால் அனுமதித்த அளவுக்குள்தானே இருக்கிறது, அப்புறம் என்ன குறை?" என்று கேள்வி வந்தது. வாசித்தவர் மேல் தப்பில்லை. வேக வரம்பு, வயது வரம்பு, கடன் வரம்பு என்று வரம்பு நமக்கு மீறக் கூடாத ஒன்று. உமிழ்வுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் மனம் உச்சவரம்புக்குத்தான் போகும்.

'எல்லை'யும் ஆகாது. பசுங்குடில் வாயுக் கணக்கு நெறிமுறையில் நிறுவன எல்லை, செயற்பாட்டு எல்லை என்று ஏற்கெனவே இரண்டு எல்லைகள் உண்டு. 'வீச்சு' அலைகளுக்குப் போய்விட்டது. 'பரப்பு' என்றால் கடையின் சதுர அடி நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை 'வளையம்'. குளத்தில் கல் விழுந்தால் விரியுமே, அது. ஒரு குளிர்பதனப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். கடைக்குள் இருக்கிற அந்தப் பெட்டியின் குழாயிலிருந்து வாயு கசிந்தால் அது முதல் வளையம். (ஆர்-404ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தாலே ஏறத்தாழ 3,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். கடைக்காரர்களின் கணக்கில் இந்தக் கசிவு சின்ன விஷயமே இல்லை.) அதே பெட்டி இழுக்கும் மின்சாரத்துக்காக எங்கோ ஓர் அனல்மின் நிலையம் புகைந்தால் இரண்டாம் வளையம். பெட்டிக்குள் இருக்கும் பாலைக் கறந்த மாடு விடும் மீத்தேன் மூன்றாம் வளையம். கடை விற்ற தொலைக்காட்சி வாங்கியவர் வீட்டில் செலவழிக்கும் மின்சாரத்தின் உமிழ்வும் அதே மூன்றாம் வளையம்தான்.

> வளையம் என்றால் பெரியதற்குள் சிறியது அடங்கிவிடாதா? ஸ்கோப் 3-க்குள் 1-உம் 2-உம் அடங்குவதில்லையே.

நல்ல கேள்வி. அதனால்தான் 'வட்டம்' வேண்டாம் என்கிறேன். வட்டத்துக்குள் உள்வட்டம் அடங்கும். வளையத்தின் நடு காலி. இன்னொரு வசதியும் உண்டு: கல் எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்து வளையம் மாறும். அந்த மாட்டின் மீத்தேன் கடைக்கு மூன்றாம் வளையம், பண்ணைக்கு முதல் வளையம். 'பிறர் உமிழ்வு' போன்ற பெயர்களில் இது வராது. 'சங்கிலி உமிழ்வு' அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் சங்கிலிக் கடை என்றும் எழுதுகிறோமே, சங்கிலிக் கடையின் சங்கிலி உமிழ்வு என்று வந்தால் நாக்கு சுளுக்கும். மூன்றாம் வளையத்தின் 15 வகைகளில் 8 வருவழி (பொருள் கடைக்கு வரும் வரை), 7 செல்வழி (விற்ற பின்) என்று பிரித்துக்கொள்ளலாம்.

எண்ணை விடாமல் வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. வால்மார்ட் 2020-இல், 2040-க்குள் உமிழ்வைச் சுழியாக்குவோம், அதையும் ஈட்டுக் கணக்குகளின் (வேறிடத்தில் பிறர் குறைத்ததைக் காசு கொடுத்து வாங்கி நம் கணக்கில் கழித்துக்கொள்வது) துணை இல்லாமல் செய்வோம் என்றது. அது முதல் இரண்டு வளையங்களுக்கு மட்டும். இவ்வளவு பெரிய சில்லறை வணிகத்தில் உமிழ்வின் மிகப் பெரும்பகுதி மூன்றாம் வளையத்தில். அந்த எண் இல்லாவிட்டால் வாசகர் முழு நிறுவனமும் சுழியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வார்.

மூன்றாம் வளையத்துக்கு அவர்களிடம் இருந்தது வேறு திட்டம். 2017-இல் தொடங்கிய கிகாடன் திட்டம். பொருள் தருபவர்களைக் கொண்டு 2030-க்குள் 100 கோடி டன் உமிழ்வை மிச்சப்படுத்துவது அதன் இலக்கு. 2024 பிப்ரவரியில், ஆறு ஆண்டு முன்பே எட்டிவிட்டோம் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில், சொந்த உமிழ்வுக்கான (முதல் இரண்டு வளையங்கள்) 2025, 2030 இலக்குகளைத் தவறவிடக்கூடும் என்றும் சொன்னார்கள். குளிர்பதனமும் நெடுந்தூர லாரியும் காரணங்களில் அடக்கம். ஒரே ஆண்டில் வெற்றியும் சறுக்கலுமா என்று குழம்பினேன். குழப்பம் சொல்லில் இருந்தது. அந்த 100 கோடி, பொருள் தருபவர்கள் தாங்களே கணக்குக் கொடுத்துக் குறைத்தது, தவிர்த்தது, மண்ணிலும் மரத்திலும் பிடித்துவைத்தது எல்லாவற்றின் கூட்டுத்தொகை. மூன்றையும் 'குறைப்பு' என்று எழுதினால் பொய்யாகிவிடும். இந்த ஆண்டு 100 டன், சும்மா விட்டிருந்தால் அடுத்த ஆண்டு 130 ஆகியிருக்கும், பாடுபட்டு 115-இல் நிறுத்தினோம் என்று வையுங்கள். தவிர்த்தது 15 டன். குறைத்தது ஒன்றுமில்லை, 15 கூடியிருக்கிறது.

ஆகவே 'தவிர்த்த உமிழ்வு', 'குறைத்த உமிழ்வு', 'பிடித்த கரிமம்' என்று மூன்று தனிச் சொற்கள் வேண்டும். மூன்றாவது எனக்கே திருப்தியாக இல்லை. 'எனக்குப் பிடித்த கரிமம்' என்று யாராவது கிண்டல் செய்வார்கள். 'சிறைப்பட்ட கரிமம்' கொஞ்சம் நாடகத்தனம்.

குழாய்க் கசிவு உமிழ்வை ஒரு வரைவில் 'தப்பியோடிய உமிழ்வு' என்று பெயர்த்திருந்தார்கள். காவல்துறை தேடுவது போல இருக்கிறது. 'கசிவுமிழ்வு' போதும்.

கட்டுரை திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. அதுவரை மறுப்பு வராவிட்டால் 'மூன்றாம் வளையம்' என்றே விடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'ஸ்கோப் 3' என்று போட்டு. மூன்றாவது சொல்லுக்கு யாருக்காவது நல்லதாக ஏதும் தோன்றினால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.