மறு: எக்ஸ்ட்ரேனியஸ் சொல்யூஷன் – பொய்த்தீர்வு வேண்டாம், புகுதீர்வு?

வணக்கம்.

சமன்பாட்டைத் தீர்க்கும் வழியில் விடை போல வந்து, முதலில் தந்த சமன்பாட்டில் போட்டால் பொருந்தாத எண்ணை ஆங்கிலத்தில் எக்ஸ்ட்ரேனியஸ் சொல்யூஷன் (extraneous solution) என்கிறோம். அதற்குத் தமிழில் பொய்த்தீர்வு என்ற உங்கள் பரிந்துரையைப் பார்த்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கணிதத் தமிழில் "மெய்" ஏற்கனவே மெய்யெண்ணுக்கு (real number) என்று போய்விட்டது. மெய் மூலம், கற்பனை மூலம் (மூலம் என்றால் சமன்பாட்டுக்கு விடையாகும் எண்) என்று படித்து வரும் மாணவர், பொய்த்தீர்வு என்றதும் அது மெய்யெண் அல்லாத ஏதோ ஒன்று என்றுதான் முதலில் நினைப்பார். நாம் சொல்ல வருவதோ 3 மாதிரி சாதாரண எண்ணை.

ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம், தெரியாத எண் ய:

ய/(ய − 3) = 3/(ய − 3) + 2

இருபுறமும் (ய − 3) ஆல் பெருக்கினால் ய = 3 + 2(ய − 3), சுருக்கினால் ய = 3. வழியில் எந்தப் பிழையும் கண்ணில் படாது. ஆனால் 3 இங்கே விலக்கப்பட்ட மதிப்பு, போட்டுப் பார்த்தால் பகுதி (பின்னத்தின் கீழ் எண்) பூச்சியமாகிவிடும், ஆக இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லை. அப்புறம் அந்த 3 எப்படி வந்தது? பகுதியை நீக்கிய அதே வரியில் 3 மேல் இருந்த தடையும் நீங்கிவிட்டது, அங்கேதான் புகுந்தது. சொல்லிலேயே இது தெரிய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அதனால் புகுதீர்வு. தொடுகோடு போல வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. புகுபதிகை (login) புழங்குகிற இணையத்தில் இது அந்நியமாகவும் ஒலிக்காது.

மற்ற சொற்களில், புறம்பான தீர்வு என்பது தவறில்லை. ஆனால் சார்பகத்துக்கு, அதாவது ய எடுக்கக்கூடிய மதிப்புகளுக்கு, புறம்பு என்று எடுத்துக்கொண்டால் √ய = ய − 2 இல் மாட்டிக்கொள்வோம். வர்க்கப்படுத்தினால் 1, 4 இரண்டும் வரும், அதில் 1 சார்பகத்துக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் பொருந்தாது. மிகைத்தீர்வு என்றால் கூடுதலாக ஒன்று கிடைத்தது, இருக்கட்டுமே என்று தோன்றும். செருகல் எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் இடைச்செருகல் (interpolation), புறச்செருகல் (extrapolation) இரண்டும் பாடநூல்களில் வேறு பொருளில் நிலைத்துவிட்டன.

"புகுமூலம்" என்று சுருக்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். அசமன்பாடு (≥, ≤ போன்ற குறி உள்ளது) வந்தால் அது போதாது. (ய + 1)/(ய − 3) ≥ 2 என்பதை, (ய − 3) குறை எண்ணாகவும் இருக்கலாம் என்பதை மறந்து பெருக்கினால் ய ≤ 7 என்று வரும். சரியான விடை 3 < ய ≤ 7 மட்டும். 3 உம் அதற்குக் கீழே உள்ள எண்கள் அத்தனையும் மொத்தமாகப் புகுந்திருக்கின்றன, 0 ஐப் போட்டுப் பாருங்கள், இடப்பக்கம் −1/3 தான். இவற்றை மூலம் என்று எப்படிச் சொல்வது? தீர்வு என்றால் சமன்பாடு, அசமன்பாடு இரண்டுக்கும் பொருந்தும்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. ய² = 3ய என்பதை ய ஆல் வகுத்து 0 ஐத் தொலைக்கிறோமே, அந்த இழந்த விடைக்கு இணையான சொல் என்ன? விடுதீர்வு என்று யோசித்தேன், "விடு" வேறு பக்கம் இழுக்கிறது. நழுவுதீர்வு சரிவருமா, சொல்லுங்கள்.