இன்ஃபெர்னோ (1911): இதுல தாந்தே இருக்காரா, இல்ல டொரே ஓவியம் மட்டும்தானா?

வாசகி77:
இத்தாலியக் கவிஞர் தாந்தே நரகத்துக்குள்ள போற மாதிரி எழுதின பாட்டுதான் இன்ஃபெர்னோ, அத மிலானோ ஃபிலிம்ஸ் கம்பெனி 1911ல எடுத்த ஊமைப் படத்த நேத்துதான் முழுசா பாத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுது, அந்தக் காலத்துக்கு அது பெரிய நீளம்தான், ஒத்துக்கறேன். ஆனா தாந்தே எங்க? குஸ்தாவ் டொரேங்கற பிரெஞ்சு ஓவியர் அந்தப் பாட்டுக்கு 1861ல போட்ட ஓவியங்கள அப்படியே ஆளுங்கள நிக்கவச்சு எடுத்திருக்காங்க. மூணு மூணு வரியா பின்னிக்கிட்டே போற அந்தப் பாட்டோட ஓட்டம் மொத்தமா போச்சு, எழுத்து அட்டையில நாலு வரி, ஒரு காட்சி, திரும்ப அட்டை.

ரீல்பெட்டி:
மேடம், டொரே வரைஞ்சது அசையாதே! நரகத்துல பெர்ட்ரான் டி போர்ன்ங்கற கவிஞன் வெட்டுண்ட தன் தலைய லாந்தர் மாதிரி தூக்கிட்டு வர்ற இடம், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாம கேமரா ட்ரிக்லயே பண்ணிருக்காங்க, எனக்கு இன்னிக்கும் உடம்பு சிலிர்க்குது. காத்துல அடிச்சுட்டுப் போற அந்த ஆவிக் கூட்டம் மட்டும் என்னவாம்?

வாசகி77:
ட்ரிக்க நான் குறை சொல்லவே இல்ல. நரகத்துல தாந்தே பாக்கற உகோலினோ பிரபு கதைய எடுங்க. கோபுரத்துல பூட்டி வச்சு கண்ணு முன்னாடி பிள்ளைங்க பசியில சாவுறாங்க, கடைசியில அவன் சொல்றது ஒரே வரி, துக்கத்தால முடியாதத பட்டினி முடிச்சுதுன்னு. பட்டினியில செத்தானா, இல்ல பிள்ளைங்களயே தின்னுட்டானா? எழுநூறு வருஷமா சண்ட போடறாங்க. அந்த ரெட்டை அர்த்தம் சொல்லுலதான் நிக்கும், படத்துல காட்ட முடியாது.

செல்வா_கோவை:
நடுவுல ஒண்ணு, வெல்லெட்ரி ஊரு ஹீலியோஸ் கம்பெனி இதே கதைய சின்னப் படமா அவசரமா எடுத்து மிலானோவுக்கு முன்னாடியே ரிலீஸ் பண்ணிட்டாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தா மிலானோ எவ்வளவு மெனக்கெட்டிருக்காங்கன்னு புரியும்.

ரீல்பெட்டி:
உகோலினோ வரி சரிதான் மேடம், அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆனா பனிக்கட்டிக்குள்ள அவன், தன்னக் கோபுரத்துல அடைச்ச பேராயர் ருஜ்ஜியேரியோட மண்டையக் கடிச்சிட்டு இருக்கறத முதல்ல பாத்துட்டு அப்புறம் கோபுரத்துக்குப் போறோம்ல, அந்த வாய ஏற்கெனவே பாத்தவனுக்கு உங்க சந்தேகம் வராமலா போகும்?

வாசகி77:
ம்ம். அந்த வரிச நான் யோசிக்கல, ஆனா அது தாந்தே போட்ட வரிசதானே, படம் எடுத்தவங்க போட்டதில்லையே. இன்னிக்கு ராத்திரி அந்த இடத்த மட்டும் திரும்பப் பாக்கறேன். காதலனோட புத்தகம் படிக்கறப்ப முத்தத்துல விழுந்த பிரான்செஸ்கா விஷயத்துல மட்டும் விட மாட்டேன், அன்னிக்கு அதுக்கு மேல நாங்க படிக்கலன்னு அவ நிறுத்திக்கறா பாருங்க, அங்க முத்தத்தக் காட்டினா அந்த மௌனம் போச்சு.