மறு: பயோஃபவுலிங்: ‘உயிரி மாசு’ சரிப்படுமா?

வணக்கம் நண்பர்களே,

கடலில் இறக்கிய பொருள்களின் மேல் உயிரினங்கள் ஒட்டி வளர்வதுதான் பயோஃபவுலிங். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் ஒருவர் எழுதியது:

> ‘உயிரி மாசு’ என்றே வைத்துக்கொள்ளலாம். மாசு எல்லோருக்கும் பழகிய சொல்தானே.

பழகியதுதான் சிக்கலே. சென்னையில் மாசு என்றால் கூவமும் லாரிப் புகையும்தான் நினைவுக்கு வரும். நாம் பேசுவதோ சுத்தமான கடலிலும் நடப்பது. இறக்கிய உணரியின் (சென்சரின்) மேல் முதலில் ஒரு வழுவழுப்பு, அப்புறம் பாசி, கொட்டலசு (பார்னக்கிள் என்கிற, ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடலுயிரி). யாரும் எதையும் அசுத்தம் செய்யவில்லை, குடியேறியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கடல்நீரை அளக்க நாம் இறக்கும் சிடிடி கருவி உப்புத்தன்மையை நேரடியாக அளப்பதில்லை. மின்கடத்துதிறன், வெப்பநிலை, அழுத்தம் மூன்றையும் வைத்துக் கணக்கிடுகிறோம். கடத்துதிறனை அளப்பது, உள்ளே பிளாட்டின மின்முனைகள் கொண்ட ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். அதன் துளை மாறாது என்ற நம்பிக்கையில்தான் கணக்கே நிற்கிறது. உள்ளே படலம் ஏறித் துளை குறுகினால் உப்புக் குறைவாகக் காட்டும். நம் பக்கத்தில் இது இன்னும் பொல்லாதது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் ஆற்றுநீர் கலந்த, உப்புக் குறைந்த நீர் வடக்கேயிருந்து கரையோரமாக இறங்கிவரும். அளவு குறைந்தால் ‘மழைக்காலம், சரிதான்’ என்று விட்டுவிடுவோம்.

நானும் ஒருமுறை அப்படி விட்டேன். மிதவையிலிருந்து கழற்றிய உணரியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், குழாய் வாயில் கடுகளவு கொட்டலசு! கூட இருந்த பையன் பல் துலக்கும் பிரஷை எடுத்துவிட்டான். நல்லவேளை, தடுத்தோம். உள்ளே தேய்த்தால் மின்முனையின் கருநிறப் பிளாட்டினப் பூச்சு போய்விடும். வேறு உணரியைப் பொருத்தி, இதை அளவுதிருத்தத்துக்கு அனுப்பினோம். புது உணரிக்கே உரிய கணக்கீட்டு எண்களை (குணகங்களை) கோப்பில் ஏற்ற மறக்காமல் இருந்ததே புண்ணியம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். காசிமேட்டில் படகின் அடியைச் சுரண்டுகிறவர் “பாசி புடிச்சிருக்கு” என்பார். துரு பிடிக்கிறது, பூஞ்சை பிடிக்கிறது, கறை பிடிக்கிறது. வினை நம் வாயிலேயே இருக்கிறது. ஆகவே ‘உயிரிப்பிடிப்பு’. உப்புப்பிடிப்பு, எண்ணெய்ப்பிடிப்பு என்று மற்றவற்றையும் பிரித்துச் சொல்லலாம். ‘உயிரிப்படிவு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். படிவு ஏற்கெனவே கடலடி மண்ணுக்குப் போய்விட்டது.

> பிடிப்பு என்றால் தசைப்பிடிப்பு, வாயுப்பிடிப்பு நினைவுக்கு வராதா?

வரும்தான். முன்னால் ‘உயிரி’ நிற்கும்போது யாரும் தைலம் தேடமாட்டார்கள். ‘உயிர்ப்பிடிப்பு’ என்று மட்டும் வேண்டாம், வாழ்க்கைப்பிடிப்பு போல ஆகிவிடும்.

இன்னொரு சோதனை. டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சு கப்பலடியில் எதையும் ஒட்டவிடாது; ஆனால் கடல் நத்தைகளைக் கெடுத்தது. அதனால் கப்பல்களில் அதைத் தடைசெய்யும் உலக உடன்படிக்கை 2008-இல் நடைமுறைக்கு வந்தது. மாசு என்று வைத்துக்கொண்டால் இதை எப்படி எழுதுவீர்கள்? ‘மாசுதடுப்புப் பூச்சு கடலை மாசுபடுத்தியது’ என்றா? ‘பிடிப்புத்தடுப்புப் பூச்சு’ என்றால் அந்தக் குழப்பமே இல்லை.

பராமரிப்புக் குறிப்பேட்டில் ‘பிடிப்பேறிய உணரி’ என்று எழுதத் தொடங்கிவிட்டேன். சுருக்கமாக இருக்கட்டுமே என்று ‘பிடித்த உணரி’ என்று எழுதிவிடாதீர்கள். போன வாரம் ஒருவர் அப்படி எழுதப்போய், அது எதனால் பிடித்தது என்று மேலாளர் கேட்டார்.

அன்புடன்,
திருவான்மியூரிலிருந்து